பிளக் இல்லாத சாதனங்களுக்கு வைபை றிலே: எதைப் பார்த்துத் தெரிவு செய்வது?

பிளக் உள்ள சாதனத்தைக் கைத்தொலைபேசியில் இருந்து இயக்குவது இன்று சிறிய விடயம். ஒரு வைபை பிளக்கை வாங்கிச் சுவரில் செருகினால் போதும். சுவாமி அறை விளக்கை இப்படி ஏற்றி அணைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆனால் பிரித்தானிய வீடுகளில் மின்சாரக் கட்டணத்தைக் கூட்டும் சாதனங்கள் பலவற்றுக்குப் பிளக்கே கிடையாது. சுடுநீர்ச் சிலிண்டரில் உள்ள இம்மேர்சன் ஹீற்றர், குளியலறைத் துவாய் காயவைக்கும் றெயில், காற்று வெளியேற்றும் விசிறி, வெளிமுற்றத்து விளக்குகள், வாயு பொயிலர் ஆகிய யாவும் வயர் மூலம் சுவரோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டவை. இவற்றை இயக்குவதற்கென்று தீப்பெட்டி அளவில், அதிலும் சிறிய அளவில், வைபை றிலே எனும் பொருள் விற்பனைக்கு வந்துள்ளது. விலை பதினைந்து, இருபது பவுண் அளவில்தான். கோயிலில் கண்டு கேட்போர் தொகை கூடியிருப்பதால் இவ்விதழில் இதனைப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் றிலே என்றால் என்ன? சிறிய மின்னோட்டம் ஒன்று காந்தத்தை இயக்க, அந்தக் காந்தம் பெரிய மின்னோட்டம் ஓடும் இரு முனைகளைச் சேர்த்து வைக்கும், விட்டால் பிரித்துவிடும். ஊரில் தோட்டக் கிணற்றுக்கு மின்சாரப் பம்பி வைத்திருந்தவர்கள் அதன் ஸ்ராட்டர் பெட்டிக்குள் 'டக்' என்று கேட்ட சத்தத்தை மறந்திருக்கமாட்டார்கள். அதே சங்கதிதான் இதுவும். வேறுபாடு, கட்டளை கொடுப்பது விரல் அல்ல, வைபை என்பதே. 2014இல் சீனாவின் எஸ்பிரெசிவ் நிறுவனம் இஎஸ்பி8266 என்ற மலிவான வைபை சில்லை வெளியிட்ட பின்னரே இவை இவ்வளவு மலிந்தன. இன்று அதிகம் அறியப்பட்டவை சீனாவின் சொனொஃப், பல்கேரியாவின் ஷெல்லி ஆகியவற்றின் தயாரிப்புகள்.

கடைக்குப் போகுமுன் சாதனத்தில் ஒட்டியுள்ள தகட்டைப் படிக்க வேண்டும் என்பதே நாம் சொல்ல வந்த பிரதான விடயம். றிலேயின் பெட்டியில் எழுதியிருப்பதைப் படிப்பது அதற்குப் பிறகு.

இம்மேர்சன் ஹீற்றரை எடுத்துக்கொள்வோம். தகட்டில் பெரும்பாலும் 3 கிலோவாற் என்றிருக்கும். 3000ஐ 230 வோல்ற்றால் பிரித்தால் 13 அம்பியர் வரும். ஷெல்லி 1 மினி போன்ற குட்டி றிலேக்கள் 8 அம்பியர் வரைதான் தாங்கும். சொனொஃப் பேசிக் 10 அம்பியர். ஷெல்லி 1 என்பது 16 அம்பியர். எனவே முதல் இரண்டும் ஹீற்றருக்கு ஆகாதவை. மூன்றாவது போதும் என்று தோன்றும். கடதாசிக் கணக்கில் போதுமானதுதான். ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. 150 லீற்றர் தண்ணீரை 15 பாகையில் இருந்து 60 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 8 யூனிற் மின்சாரம் வேண்டும். 3 கிலோவாற் ஹீற்றர் அதனைக் கொடுக்க இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். அவ்வளவு நேரமும் 13 அம்பியர் அந்தத் தீப்பெட்டிக்கு ஊடாக இடைவிடாமல் ஓடும். அது இருக்கும் இடமோ சிலிண்டர் அலுமாரி. வீட்டிலேயே மிகவும் வெக்கையான இடம். போதாதற்குச் சுற்றிவரத் துவாயும் படுக்கை விரிப்பும் அடுக்கியிருப்போம். முனையில் இறுக்கம் சற்றுக் குறைந்தாலும் அந்த இடம் சூடேறி, பிளாஸ்ரிக் கருகத் தொடங்கும்.

ஆகவே ஹீற்றருக்குச் சரியான ஒழுங்கு இதுதான்: சிறு றிலே நேரடியாக ஹீற்றரை இயக்கக்கூடாது. 20 அல்லது 25 அம்பியர் கொன்ராக்ரர் ஒன்றை அது இயக்க வேண்டும். அந்தக் கொன்ராக்ரர் ஹீற்றரை இயக்க வேண்டும். (கொன்ராக்ரர் என்றவுடன் கூரை வேலைக்கு வந்து பாதியில் போனவரை நினைக்க வேண்டாம். இது பெரிய பாரத்துக்கென்றே செய்யப்பட்ட தடித்த றிலே.) சிறிய சுற்றுப் பெட்டிக்குள் அதனைப் பூட்டலாம். அப்போது வைபை றிலேயில் ஓடுவது கொன்ராக்ரரின் சுருளுக்குத் தேவையான சொற்ப மின்னோட்டம் மட்டுமே. குட்டி றிலேகூடப் போதும். செலவு சற்றுக் கூடும். அந்தச் செலவில் கஞ்சத்தனம் பார்ப்பது நல்லதல்ல என்பது எமது துணிந்த கருத்து. 20 அம்பியருக்கு மேல் தாங்கும் வைபை றிலேக்களும் சந்தையில் உண்டு. அவற்றை வாங்குவதென்றால் முனைகளுக்குள் உங்கள் வயரின் பருமன் நுழையுமா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஹீற்றருக்கு அருகில் உள்ள 20 அம்பியர் இருமுனைச் சுவிற்ச்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் றிலேயைப் பூட்டலாமா என்று சிலர் கேட்டுள்ளனர். கூடாது. அந்தச் சுவிற்ச் லைவ், நியூற்றல் இரண்டையும் துண்டிப்பது. றிலே லைவை மட்டுமே துண்டிக்கும். ஹீற்றரில் வேலை செய்ய வருபவரின் உயிர் அந்தச் சுவிற்ச்சில்தான் தங்கியுள்ளது.

றிலே பழுதாகும்போது எப்படிப் பழுதாகும் என்பதும் யோசிக்க வேண்டியது. நாம் எதிர்பார்ப்பது அது அணைந்து போகும் என்று. உண்மையில் உள்ளே இருக்கும் முனைகள் பொறிபட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் நடக்கும். அப்படி ஒட்டினால் செயலியில் 'அணைக்கப்பட்டது' என்று காட்டும், ஹீற்றரோ எரிந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் காப்பாற்றுவது ஹீற்றரின் தலையில் உள்ள தேமோஸ்ரற்றும், அதுவும் தவறினால் வெட்டிவிடும் இரண்டாவது வெப்பத் தடுப்பும்தான். 2006இல் டோன்ரன் நகரில், வாடகை வீடொன்றில், தேமோஸ்ரற் பழுதாகித் தண்ணீர் கொதித்து மேலே உள்ள பிளாஸ்ரிக் தொட்டிக்குள் ஏறியது, தொட்டி சரிந்து கீழே உறங்கிய கைக்குழந்தை மீது கொட்டியது, குழந்தை இறந்தது. புதிய ஹீற்றர்களில் அந்த இரண்டாவது தடுப்பு உண்டு. பழைய வீடுகளில் பழைய ஹீற்றரே இருக்கக்கூடும். வைபை றிலே பூட்டுவதற்கு முன் எலக்ரீசியனிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "எங்கள் தேமோஸ்ரற்றில் இரண்டாவது தடுப்பு இருக்கிறதா?" என்பது. இல்லையென்றால் றிலேக்கு வைத்த காசில் முதலில் தேமோஸ்ரற்றை மாற்றுங்கள்.

மறுபக்கமும் உண்டு. காசை மிச்சம் பிடிப்பதற்காக ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் மட்டும் ஹீற்றரைப் போட்டுத் தண்ணீரை வெதுவெதுப்பாகவே வைத்திருப்பது ஆபத்தானது. 20 பாகைக்கும் 45 பாகைக்கும் இடையில்தான் லெஜியொனெல்லா என்ற கிருமி பெருகும், அது நுரையீரலைத் தாக்குவது, வயோதிபர்களுக்கு மோசமானது. சிலிண்டரில் தண்ணீர் 60 பாகைக்கு ஏற வேண்டும். ஆகையால் நேர அட்டவணை போடும்போது தேமோஸ்ரற் தானாக வெட்டும் வரை ஓட இடம் விடுங்கள்.

ஏனைய சாதனங்கள் இவ்வளவு சிக்கலானவை அல்ல. துவாய் றெயில் சில நூறு வாற்தான். எந்த றிலேயும் தாங்கும். குளியலறை விசிறியும் சிறிய பாரமே. எனினும் அதில் உள்ளது மோட்டர். நிறுத்தும்போது முனைகளில் பொறி பறக்கும். விற்பவர்களிடம் இதற்கென ஒரு சிறு பொறித்தடுப்பி உண்டு. அதையும் சேர்த்து வாங்கலாம். இரண்டிலும் றிலேயை வைக்கும் இடம் குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும். எல்ஈடி விளக்குகள் எரியத் தொடங்கும் கணத்தில் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுப்பவை. வெளிமுற்றத்தில் பத்துப் பன்னிரண்டு விளக்குகளை ஒரே றிலேயில் கொழுவுவோர் இதனைக் கவனிக்க வேண்டும். மின்சார சவர் 9, 10 கிலோவாற், அதாவது 40 அம்பியர் அளவில். அடுப்பும் அதேபோல் பெரும் பாரம். இவ்விரண்டுக்கும் இந்த றிலேக்கள் ஒருபோதும் உரியவையல்ல. ஆளில்லாத வீட்டில் தூரத்தில் இருந்து அடுப்பைப் பற்றவைப்பதில் என்ன பயன் இருக்கிறதென்பதும் எமக்கு விளங்கவில்லை.

வாயு பொயிலர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுவரில் உள்ள பழைய தேமோஸ்ரற்றுக்குப் பதிலாக வைபை றிலே பூட்டப் பலர் விரும்புகின்றனர். சில பொயிலர்களில் அந்த இணைப்பு 230 வோல்ற். வேறு சிலவற்றில் சில வோல்ற் மட்டுமே. றிலேக்களிலும் இரு வகை. ஷெல்லி 1 போன்றவற்றில் உள்ளே வரும் மின்சாரமும் முனைகளும் தனித்தனியே பிரிந்திருக்கும். வெறும் சுவிற்ச்சாக மட்டும் அது செயற்படும். மின்சாரத்தை அளந்து காட்டும் ஷெல்லி 1பிஎம் போன்றவையோ தமக்கு வரும் 230 வோல்ற்றையே வெளியே அனுப்பும். இந்த இரண்டாம் வகையைச் சிறு வோல்ற் பொயிலரில் கொழுவினால் பொயிலரின் பலகை அந்த விநாடியே போய்விடும். பலகை மாற்றும் செலவு சில நூறு பவுண். பெயரில் இரண்டெழுத்துத்தான் வித்தியாசம். 'உலர் முனை' வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது நியூற்றல். வைபை றிலேக்குத் தன் சில்லை உயிரோடு வைத்திருக்க எந்நேரமும் மின்சாரம் வேண்டும்; அதற்கு லைவும் வேண்டும், நியூற்றலும் வேண்டும். இந்நாட்டு வீடுகளில் விளக்குச் சுவிற்ச் பெட்டிக்குள் பெரும்பாலும் நியூற்றல் இருக்காது. கூரையில் உள்ள விளக்கில் இருந்து லைவ் கீழே வந்து, சுவிற்ச்சால் மேலே திரும்பிப் போகும், அவ்வளவுதான். சுவிற்ச்சில் இரண்டு வயரைக் கண்டு, நீலம் நியூற்றல் என்று எண்ணி இணைப்பது பெரும் பிழை. அந்த நீலம் திரும்பிப் போகும் லைவ். 2004க்கு முந்திய வயரிங்கில் நிறங்கள் நாம் ஊரில் அறிந்த சிவப்பும் கறுப்பும். 2006இன் பின்னர் போட்டவை மண்ணிறமும் நீலமும். பாதி வீடு பழையதாகவும் பின்னால் நீட்டிய பகுதி புதியதாகவும் உள்ள வீடுகளில் இரண்டும் கலந்து கிடக்கும். நிறத்தை நம்பாமல் மீற்றரால் அளந்து பார்ப்பவரே வேலைக்கு உரியவர். நியூற்றல் இல்லாத இடத்தில் றிலேயைச் சுவிற்ச்சுக்குள் அல்லாமல் மேலே விளக்கின் பக்கம் வைக்கலாம். நியூற்றல் வேண்டாத தனி வகைகளும் உண்டு.

வைபை விடயத்தில் அதிகம் சொல்வதற்கில்லை. இவை பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் மட்டுமே பேசுபவை. உலோகச் சுவிற்ச் பெட்டியும் தண்ணீர் நிறைந்த செப்புச் சிலிண்டரும் அலையை மறைக்கும். வாங்குமுன் கைத்தொலைபேசியை அந்த அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திச் சமிக்ஞை எவ்வளவு என்று பாருங்கள். இணையக் கம்பனியை மாற்றும்போது புதிய றூற்றருக்குப் பழைய பெயரையும் கடவுச்சொல்லையுமே கொடுத்தால் றிலேக்களை மறுபடி இணைக்கும் தொல்லை இராது.

இனி, வீட்டில் அதை ஆள்பவர் யார் என்ற கேள்வி. இதுவே எமக்குப் பெரிதாகப் படுகிறது. பெரும்பாலும் மகன் வாங்குவார், மகனின் தொலைபேசியில் செயலி, மகனின் மின்னஞ்சலில் கணக்கு. செப்ரெம்பரில் அவர் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவார். அம்மம்மாவிடம் இருப்பது பொத்தான் தொலைபேசி. மார்கழிக் காலை திருவெம்பாவைக்கு முழுகிவிட்டுக் கோயிலுக்குப் போக நிற்பவர், சுடுநீர் இல்லை என்பதற்காக லீட்ஸில் உறங்கும் பேரனை நாலு மணிக்கு எழுப்ப வேண்டுமா? நல்ல றிலேக்களில் சாதாரண சுவிற்ச் ஒன்றை இணைக்கத் தனி முனை இருக்கும். அதில் ஒரு அழுத்துப் பொத்தானைப் பூட்டி, அழுத்தினால் மூன்று மணித்தியாலம் ஓடித் தானாக அணையும்படி அமைக்கலாம். அந்தத் தானியங்கு அணைப்பு றிலேயின் உள்ளேயே இருக்க வேண்டும். எங்கோ உள்ள கணினியில் அல்ல. இணையம் அறுந்தாலும் அணைய வேண்டும் அல்லவா? கை முனை இல்லாத றிலே எவ்வளவு மலிவானாலும் பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு வேண்டாம்.

இணையம் இல்லாமலே இயங்குமா என்பதை வாங்குமுன் விசாரிப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. கம்பனி தன் சேவையை நிறுத்தினால் பொருள் நன்றாக இருந்தும் பயனற்றதாகும். பெல்கின் நிறுவனம் தனது வீமோ வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 2026 சனவரி 31உடன் ஆதரவை நிறுத்துவதாக 2025இல் அறிவித்தது. வீட்டு வலைக்குள்ளேயே கட்டளை ஏற்கும் றிலேக்கு இந்த விதி இல்லை. 2022இல் வெளிவந்த மற்றர் என்ற பொது நியமத்தின் முத்திரை உள்ள பொருட்களும் இவ்வகையில் மேலானவை. பிரித்தானியாவில் 2024 ஏப்ரில் 29 முதல் சட்டம் ஒன்று நடைமுறையில் உள்ளது. இலகுவில் ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொல்லோடு இத்தகைய பொருட்களை விற்கக்கூடாது. எதுவரை பாதுகாப்புத் திருத்தங்கள் தருவோம் என்பதைத் தயாரிப்பாளர் அறிவிக்க வேண்டும். அந்தத் திகதியைத் தேடிப் பாருங்கள். அது இல்லாத, தயாரிப்பாளர் பெயரே இல்லாத மலிவுப் பொருட்களைச் சுவருக்குள் புதைக்காதீர்கள்.

மின்சாரம் போய்த் திரும்பும்போது றிலே எந்த நிலையில் விழிக்க வேண்டும் என்பதையும் அமைப்பில் குறிக்கலாம். ஹீற்றருக்கு 'அணைந்த நிலை' என்றே குறியுங்கள்.

இப்போது கணக்கு. எமது தொழிலும் அதுவே என்பதால் சற்று நின்று பார்ப்போம். பகல் யூனிற் 30 பென்ஸ், இரவு யூனிற் 15 பென்ஸ் என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். உங்கள் பில்லில் உள்ள எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். குடும்பம் நாளொன்றுக்கு 4 யூனிற் சுடுநீர் பாவித்தால் இரவுக்கு மாற்றுவதால் 60 பென்ஸ் மிச்சம். வருடம் 219 பவுண். றிலே 18, கொன்ராக்ரரும் பெட்டியும் 30, எலக்ரீசியன் 120, ஆக 168 பவுண் என்றால் ஒன்பது, பத்து மாதத்தில் போட்ட காசு திரும்பும். நல்ல முதலீடு.

ஆனால் இதே மிச்சத்தை 16 அம்பியர் தாங்கும் சாதாரண நேரச் சுவிற்ச்சும் தரும். அதற்கு வைபை வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், மகன் வேண்டாம். எக்கொனமி 7 போன்ற நிலையான இரவுக் கட்டணம் உள்ள வீட்டுக்கு நாம் அதையே சிபாரிசு செய்வோம். (பல மீற்றர்கள் வருடம் முழுவதும் கிறீன்விச் நேரத்திலேயே நிற்பவை, கோடையில் மலிவு நேரம் ஒரு மணி பிந்தும்.) ஒரே கட்டணம் உள்ள வீட்டில் மிச்சம் இன்னும் குறைவு. நல்ல உறையுள்ள சிலிண்டர் ஒரு நாளில் இழப்பது ஒன்றிரண்டு யூனிற்தான். றிலே அதிலும் ஒரு பகுதியையே காப்பாற்றும். வாயு பொயிலரால் தண்ணீர் சூடாகும் வீட்டில் இம்மேர்சன் ஹீற்றரை அணைத்து விடுவதே மிச்சம், ஏனெனில் மின்சார யூனிற்றின் விலை வாயு யூனிற்றைப் போல மூன்று நான்கு மடங்கு.

வைபை றிலே உண்மையில் பலன் தருவது வேறு வீடுகளுக்கு: அரை மணிக்கொரு தடவை விலை மாறும் கட்டணத்தில் உள்ளவர்களுக்கு, கூரையில் சூரியத் தகடு வைத்து நடுப்பகல் மின்சாரத்தைத் தண்ணீரில் சேர்க்க விரும்புபவர்களுக்கு, இரண்டு மாதம் ஊருக்குப் போய்த் திரும்புபவர்களுக்கு, தனியாக இருக்கும் பெற்றோரின் ஹீற்றர் எரிகிறதா என்று அறிய விரும்பும் பிள்ளைகளுக்கு.

இரவில் சூடேறும் ஸ்ரோறேஜ் ஹீற்றர்கள் உள்ள தொடர்மாடி வீட்டார் இதில் கை வைக்க வேண்டாம். பழைய வகை மீற்றர்கள் பிபிசி றேடியோ 4இன் நீண்ட அலையில் வந்த சமிக்ஞையால் இயக்கப்பட்டவை. அந்தச் சேவையை 2025 யூன் 30 முதல் கட்டம் கட்டமாக நிறுத்தத் தொடங்கினர். உங்களுடையது அவ்வகையென்றால் மீற்றர் மாற்றுவது மின் கம்பனியின் பொறுப்பு, அவர்களையே கேளுங்கள்.

ஊரில் பியூஸ் போனால் நாமே கம்பி சுற்றிப் போட்டுப் பழகியவர்கள். இங்கு அந்தத் துணிவு வேண்டாம். என்ஐசிஇஐசி, நாப்பிற் போன்ற பதிவுகளில் ஒன்றில் உள்ளவரை அழைத்து, வேலை முடிந்ததும் அத்தாட்சிப் பத்திரம் கேட்டு வாங்கி, வீட்டுக் காப்புறுதிக் கடதாசிகளோடு வையுங்கள். வாடகை வீட்டில் உரிமையாளரின் எழுத்து மூல அனுமதி இன்றி எதையும் பூட்டக்கூடாது. இங்கிலாந்தில் வீடுகளை வாடகைக்கு விடும் நம்மவர்கள், ஐந்து வருடத்துக்கு ஒரு தடவையாவது மின்னிணைப்புகளைப் பரிசோதிப்பிப்பது 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி தங்கள் கடமை என்பதை அறிவார்கள். முந்திய குடியிருப்பாளர் சுவருக்குள் பூட்டிவிட்டுப் போன றிலேயை அந்தப் பரிசோதகருக்குச் சுட்டிக்காட்டுங்கள். பூட்டிய றிலேயின் பெயர், எந்தச் சுற்று, எந்த மின்னஞ்சலில் கணக்கு, பொத்தானை எப்படி அழுத்துவது என்பவற்றைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிச் சிலிண்டர் அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள்.